இறங்கிய பாலும் இரைந்த பெட்டியும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எது பெரிதோ அதுதான் நல்லது என்று நம்பிவிடுவேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை நிறுத்திக்கொண்டது. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடையில் மின்விசிறி, ரைஸ் குக்கர் பழுதுபார்க்கிறேன். நாலு பேர் கூடினால் சுவரோடு ஒட்டிக்கொள்வேன்.

இப்படிப்பட்டவன் எட்டு மாதம் உட்கார்ந்து பழைய ரேடியோக்களில் எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வுகளை வைத்து ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். பாட்டு அருமையாக வந்தது. கூடவே அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சலும் வந்தது.

தோ பாயோவில் மச்சினன் குமரன் புது வீடு வாங்கினான். என்ஜினியர். "பால் காய்ச்சும்போது உங்க பெட்டியில நாதஸ்வரம் போடுங்க அத்தான்" என்றான். (கிண்டலா என்று இன்றுவரை தெரியாது.)

மனைவி விஜயா தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "அங்க வந்து இரைஞ்சுச்சு, நேரா குப்பைக்குத்தான். ஹால்ல எனக்கு இடம் வேணும்."

வீட்டு மின்சாரம் அலை அலையாக வரும். ஒரு வால்வு அதை ஒரே திசைக்குத் திருப்பும். பிறகு மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெப்பாசிட்டர், ஒரு கம்பிச்சுருள், இன்னொரு கெப்பாசிட்டர் என்று வைத்து அலையை அடக்க வேண்டும். அடங்காத மிச்சம்தான் அந்த ‘ம்ம்ம்’. வால்வை ஒட்டிய முதல் கெப்பாசிட்டர் சிறியதாக இருக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே இருந்தது. நான் பால் காய்ச்சும் நாளன்று காலை, இரைச்சலை அடக்க அதைக் கழற்றிவிட்டு, சோடா டின் அளவுக்கு ஒன்றை மாட்டினேன். ஃப்யூஸையும் பெரிதாக்கினேன் (வியாதி!). சோதித்துப் பார்க்க நேரமில்லை.

குமரன் வீட்டு மின் அடுப்பில் பால் விளிம்புவரை ஏறியது.

"பொங்கப்போகுது! போடுங்க, போடுங்க!" என்று விஜயாவின் சித்தி கத்தினார்.

போட்டேன். வால்வு சிவந்தது. மறுநொடி அதற்குள் ஒரு மின்னல். டப்! வீடு முழுக்கக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, அடுப்பு நின்றது. ஏறிய பால் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே இறங்கியது.

சுவரோடு ஒட்டிக்கொள்ளலாம் என்றால் புதுப் பெயிண்ட்.

"இறங்குன பால் ஆகாது. வேற வாங்கிட்டு வா" என்றார் சித்தி. குமரன் மெயினைத் தூக்கிவிட்டு, "பெட்டிய ஓரமா வைங்கலா அத்தான்" என்று சொல்லிக் கீழ்க்கடைக்கு ஓடினான். விஜயா, குப்பையை மாடியிலிருந்து கீழே தள்ளும் குழாயின் மூடி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியைச் சமையலறைக்குப் பின்னால் கொண்டுபோய், தேங்கியிருந்த மின்சாரத்தை வடித்துவிட்டுத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. வால்வு பாவம், டம்ளர் டம்ளராகத் தரக்கூடியது. அதன் வாயிலேயே நான் அண்டாவை வைத்திருக்கிறேன்! சின்னதை முதலில் வைத்தேன். டின்னைக் கம்பிச்சுருளுக்கு அப்பால் தள்ளினேன். பழைய ஃப்யூஸ், வேறு வால்வு எல்லாம் கூடவே கொண்டுவந்த கருவிப் பையில் இருந்தன. முடிந்தது.

புதுப் பால் அடுப்பேறியது. நானும் பெட்டியோடு ஹாலுக்கு வந்தேன்.

"வேணாம் அத்தான்."

"போடுறேன்" என்றேன். அந்தக் குடும்பத்தில் நான் சத்தமாகப் பேசிய முதல் சொல் அது.

போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. விஜயா ஸ்பீக்கரில் காதை வைத்தாள்.

"என்னங்க, இன்னும் ஆன் ஆகலையா?"

"ஆகிடுச்சு. இரைச்சல்தான் இல்ல."

அவள் காதை எடுப்பதற்குள் நாதஸ்வரத்தைத் தட்டிவிட்டேன். அவள் துள்ளிய துள்ளலும் பால் பொங்கிய பொங்கலும் ஒரே நேரம். பால் வழிந்து தரைவரை வந்தது. குமரன் அதைத் துடைக்காமல் என் பக்கத்தில் குந்தினான்.

"அத்தான், எப்படி அடக்குனீங்க? வரைஞ்சு காட்டுங்களேன்."

பால் டப்பாவின் முதுகில் ஓர் என்ஜினியருக்கு வரைந்து காட்டினேன்.

இப்போது எங்கள் ஹாலின் நடுவில் பெட்டி. டிவி படுக்கையறைக்குப் போய்விட்டது. ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் பால் காய்ச்சினாலும், "முதல்ல அவர் கையைப் புடிங்க!" என்று சித்தி சத்தம் போடுவார். போன மாதம் ஒரு புது வீட்டில் என் கையைப் பிடித்தவன் குமரன். பால் வழிந்த பிறகுதான் விட்டான்.

"இப்ப போடுங்க அத்தான்."