விட்டு விட்டுப் பாடிய மிக்சர்

ஒரு மெஷின் அடியோடு செத்துப்போனால் கவலையில்லை. "போயிருச்சுங்க" என்று கையை விரித்துவிடலாம். நாலு பேர் பரிதாபமாவது படுவார்கள். விட்டு விட்டு வேலை செய்கிற மெஷின்தான் ஆளைக் கொல்லும். கெடும்போது ஊரே பார்க்கும். நாம் சரிபார்க்கப் போனால் பச்சைப்பிள்ளை மாதிரி ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் மிக்சர் (தின்கிறது இல்லை; எல்லா மைக்கின் சத்தத்தையும் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பெட்டி) அந்த ரகம். நாமக்கல்லில் அப்பா சவுண்ட் சர்வீஸ் நடத்தினார். டிஜிட்டல் மிக்சர்தான், ஆனால் யாரோ உபயோகித்து அலுத்த பிறகு எங்களிடம் வந்தது. திரை மங்கிப்போய், மூக்கை உரசுகிற மாதிரி குனிந்தால்தான் எழுத்து தெரியும். அப்பாவின் கண்ணும் அந்த நிலைக்கு வந்து, ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார். அதனால் புதுச்சத்திரத்தில் நடந்த ஒரு கல்யாண வரவேற்புக்கு நான் போனேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தேன். எனக்குத் தெரியாத வயர் இந்த உலகத்தில் இல்லை என்று நினைப்பு.

கிளம்பும்போது அம்மா ஒரு குண்டைப் போட்டாள்.

"எருமப்பட்டி மாப்பிள்ளையோட அம்மா அந்தக் கல்யாணத்துக்கு வாராங்களாம். உன்னைய அப்படியே பாத்துட்டுப் போறேன்னிருக்காங்க. சேலையக் கட்டிக்க. ஸ்பீக்கர் மேல ஏறி நிக்காத."

"அவங்க யாருன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உனக்கு எதுக்குத் தெரியணும்? அவங்களுக்கு உன்னையத் தெரியும்."

மண்டபத்தில் எனக்கு எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் மாமியார் மாதிரியே இருந்தது. பன்னீர் தெளித்தவளுக்குக்கூட ஒரு கும்பிடு போட்டு வைத்தேன்.

மிக்சரை மண்டபத்தின் கடைசியில், பந்திக்குப் போகிற கதவோரம் வைத்திருந்தோம். மேடைப் பக்கம் வயர்களைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் வெகுநாளாக இருக்கும் முருகேசண்ணன். பெண்ணின் அப்பா கோழிப்பண்ணைக்காரர். அவர் வீட்டு விசேஷம் எதுவானாலும் எங்கள் செட்டுதான். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது என் பொறுப்பு. அவர் மைக்கைப் பிடித்து உருகினார்.

"சொந்தபந்தம் யாரும் சாப்பிடாமப் போகக் கூடாதுங்க!"

ஸ்பீக்கரில் வந்தது இது: "சொந்தபந்தம் யாரும் சாப்பிட... கூடாதுங்க!"

பந்திக்கு எழுந்த ஒரு வரிசை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

மேடைக்கு ஓடினேன். மைக்கை மாற்றினேன். "ஹலோ, ஹலோ" என்றேன். கணீரென்று வந்தது. மைக்தான் கோளாறு என்று முருகேசண்ணனிடம் அறிவித்துவிட்டு, கம்பீரமாக நடந்து வந்து மிக்சர் மேல் கவிழ்ந்து திரையைப் பார்த்தேன். சத்தம் போய்விட்டது.

மறுபடி ஓட்டம். மேடையிலிருந்து மிக்சருக்கு வரும் நீள வயரை மாற்றினோம். மேடையில் நின்று கேட்டேன், அருமை. திரும்பி வந்தேன், கச்சேரிப் பாடகரின் பல்லவி பாதியில் செத்தது. அவர் வாய் அசைகிறது, கை ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. பிறகு ஏதோ ஒரு எழுத்தில் திடுமென்று உயிர் வருகிறது. அவர் பாட்டை நிறுத்தி, "சிஸ்டர், என் மைக்க மட்டும் ஏன் கட் பண்றீங்க?" என்றார். இந்தக் கேள்வி மட்டும் ஒரு எழுத்து குறையாமல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

எங்கோ ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சந்தேகம் வயரை விட்டு மனிதர்கள் மேல் போனது. பக்கத்து நாற்காலியில் கிளிப்பச்சைப் பட்டுச்சேலையில் ஒரு பெண்மணி, வந்ததிலிருந்து பந்திக்குக்கூட எழுந்து போகாமல் இருந்தார். அவர் கால் வயர்மேல் இருந்தது.

"ஏனுங்க, வயரை மிதிக்காதீங்க! காலை எடுங்க!" என்று கத்தினேன்.

அவர் காலை எடுத்துக்கொண்டார். கோளாறும் தீரவில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "பதறாத சாமி," என்றார். "மிக்சர உட்டு நகராத. பக்கத்துலயே இருந்து கவனி."

நகரவில்லை. இரண்டு முழங்கையையும் அதன் விளிம்பில் ஊன்றி, நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி கவனித்தேன். கோளாறு முன்னைவிட அதிகமானது. கடைசியில் மிக்சரை ஆஃப் செய்து மறுபடி போட்டேன். அந்தக் கிழம் கண் விழிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் மண்டபமே அமைதியாக, பந்தியிலிருந்து "சாம்பார்! இந்தப் பக்கம் சாம்பார்!" என்ற குரல் மட்டும் கச்சேரி செய்தது.

கோழிப்பண்ணைக்காரர் வந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அம்மிணி, அடுத்து என்ற பொண்ணு பாடப்போகுது. எனக்குத் தெரியாம ஒரு மாசமாப் பாட்டுப் பழகியிருக்குது. அது மட்டும் நின்னு போகாமப் பாத்துக்க கண்ணு" என்று தணிந்து சொல்லிவிட்டுப் போனார்.

மணப்பெண் மைக்கை வாங்கினாள். முதல் வரி சுத்தமாக வந்தது. சத்தம் சரியாக இருக்கிறதா என்று குனிந்து திரையைப் பார்த்தேன். இரண்டாவது வரி விழுங்கப்பட்டது. அவள் நிறுத்தி, மைக்கைத் தட்டி, மறுபடி தொடங்கினாள். மறுபடி போனது. அவள் கண் கலங்குவது கடைசி வரிசையிலிருந்து எனக்கே தெரிந்தது. மண்டபத்துத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தன. அப்படியே பந்திக் கதவு வழியாகப் போய் நாமக்கல் பஸ் ஏறிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

அப்போது கிளிப்பச்சைச் சேலை எழுந்து என் தோளைத் தொட்டது.

"அம்மிணி, கொஞ்சம் தள்ளி நில்லு."

மேடையை மறைக்கிறேன் என்கிறாராக்கும் என்று எரிச்சலோடு நகர்ந்தேன். பாட்டு வந்தது. முழு வரியும் வந்தது.

"இப்பச் சாஞ்சு பாரு."

சாய்ந்தேன். நின்றது. பாம்பை மிதித்தவள் மாதிரி துள்ளி விலகினேன். வந்தது.

"நீ அதும்மேல சாயறப்ப எல்லாம் அது நின்னு போகுது. நீ அக்கட்டால போனீன்னா நல்லாப் பாடுது" என்றார்.

மெஷினுக்குள்ளே ஒரு பட்டை வயர் சொருகியிருந்த இடத்தில் தளர்ந்திருக்கிறது. விளிம்பில் என் பாரம் விழும்போதெல்லாம் பெட்டி லேசாக வளைந்து, அது விட்டுப்போயிருக்கிறது. மறுநாள் பெட்டியைப் பிரித்தபோது தெரிந்தது. அன்று எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று: அந்த மண்டபத்தில் இருந்த கோளாறு நான்தான்.

"உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாரும் மேடையப் பாத்தாங்க. நான் உன்னையப் பாக்கத்தான வந்தேன். எருமப்பட்டிலிருந்து."

நான் எடுக்கச் சொன்ன கால், என் மாமியாரின் கால்.

மணப்பெண் பாடி முடித்தாள். அவள் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிச்சக் கச்சேரி முழுவதும் நான் அந்த மிக்சரை எட்ட நின்று, சுடுகிற தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி ஒற்றை விரலால் இயக்கினேன். காலில் விழலாமா என்று நினைத்தேன். மிக்சர் மேல் சாயாமல் குனிய இடம் இல்லை.

சம்பந்தம் போயிற்று என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன். இரண்டு நாளில் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனதும் மகன், "பொண்ணு எப்படிம்மா?" என்று கேட்டதற்கு என் மாமியார் சொன்ன பதிலை இன்றைக்கும் சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரிப்பார்கள்: "கை வெச்சாக் கெடுத்துப்போடும். ஆனாச் சொன்னாக் கேட்டுக்கும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், எங்கள் வீட்டில் மிக்சி நின்றாலும், மோட்டாரில் தண்ணீர் ஏறாவிட்டாலும் முதலில் என்னைத்தான் எங்கே நிற்கிறேன் என்று தேடுவார்கள். போன வாரம் தெருவுக்கே கரண்ட் போனது. இருட்டில் அடுப்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது.

"அம்மிணி, எதும்மேலயாவது சாஞ்சிருக்கறயா?"

சுவரில் சாய்ந்துதான் நின்றிருந்தேன். சத்தமில்லாமல் தள்ளி நின்றுகொண்டேன். எதற்கு வம்பு?