பன்னிரண்டாம் நம்பர் மலையில் நின்றது எது?

உலகத்தில் எந்த வாக்குவாதத்திலும் தோற்காதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் யாரென்று எனக்குத் தெரியாது. மற்றவர் எங்கள் பக்கத்து வீட்டுக் கண்டாக்கையா.

கண்டாக்கு என்றதும் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலைத் தோட்டத்தில் துரைக்குக் கீழே நின்று மலை வேலையைக் கட்டி மேய்க்கும் உத்தியோகம் அது. அவருக்கும் பெற்றோர் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் மகளின் கல்யாணப் பத்திரிகையிலேயே பெண்ணின் தகப்பனார் 'கண்டாக்கையா' என்றுதான் அச்சாகியிருந்தது.

வேலையை விட்டு வந்தவர் பெரட்டை விடவில்லை. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த வேலை என்று பிரித்துவிடுவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகு அதை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டார். காலை ஆறு மணிக்குக் குடையை ஊன்றியபடி நிற்பார். எதிரே அவர் மனைவி, ஒரு ஆடு, ஏழு கோழிகள், தேத்தண்ணிக்காகப் போன நான்.

"ஆடு?"

"நிக்குதுங்க," என்பார் கண்டாக்கம்மா.

"சேவல்?"

"கூரை மேல ஏறிருச்சுங்க."

"பிந்தி வந்தா பேர் கெடையாது. வெரட்டி விடு."

ஒருநாள் நான் பத்து நிமிடம் பிந்திப் போனேன். "பெரட்டு முடிஞ்சிருச்சு சேர், நாளைக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு என் தேத்தண்ணியை என் கண் முன்னாலேயே குடித்து முடித்தார். கொட்டகலையில் ஒரு பள்ளிக்கூடத்தில், பிந்தி வரும் பிள்ளைகளைப் பல வருடங்களாக வெளியே நிறுத்தி வருகிறவன் நான். அந்த வலி அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. பெரட்டில் சொன்னது சொன்னதுதான், மாற்றமே கிடையாது. வேலையில் இருந்த காலத்தில் ஒரு வியாழக்கிழமை, வாய் தவறி, "இன்னிக்கு வெள்ளிக்கிழம" என்று பெரட்டில் சொல்லிவிட்டாராம். அந்த வாரம் எங்கள் தோட்டத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைகள். விரதம் பிடிக்கிறவர்கள் இரண்டு நாளும் பட்டினி கிடந்தார்கள்.

இந்தச் சட்டத்தில் வசமாக மாட்டிக்கொண்டவர் கண்டாக்கம்மாதான். வட்டவளைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், புருஷனுக்குக் கேரியரில் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் நம்பர் மலைக்குப் போயிருக்கிறார். தேயிலைச் செடிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று எழுந்து நின்று பார்த்திருக்கிறது. மேலெல்லாம் புள்ளி, நெற்றியில் நாமம் போட்ட மாதிரிக் கோடு. அம்மா கேரியரைப் போட்டுவிட்டு ஓடினார். புருஷனிடம் புலி என்றார்; எங்கள் பக்கம் சிறுத்தைக்கும் புலி என்றுதான் பேர். கண்டாக்கையா போய்ப் பார்த்தபோது நக்கித் துடைத்த கேரியர் மட்டும்தான் இருந்தது. சிறுத்தை என்ற பேச்சு பரவினால் கொழுந்து எடுக்க ஒருத்தியும் மலையேற மாட்டாள். ஆகவே மறுநாள் பெரட்டில், தோட்டத்துச் சனம் முழுவதும் கேட்கும்படி அறிவித்தார்: "புதுப்பொண்ணு காட்டுப் பூனையப் பாத்துப் பயந்துருச்சு. எல்லாரும் மலைக்குப் போங்க."

அவ்வளவுதான். அதன் பிறகு நாற்பது வருடங்களாக அந்த வீட்டில் அம்மாவின் எந்தப் பேச்சும் எடுபட்டதில்லை. பால் திரிஞ்சிருச்சு என்பார். "பூனையப் பாத்துப் புலின்னவ தானே நீ," என்று ஐயா அதைக் குடித்துவிட்டு மூன்று நாள் படுத்திருப்பார். கடைசியாகப் போன வருடம், காற்றுக் காலத்தில் கூரைத் தகரம் ஆடுகிறது, ஆணி அடியுங்கள் என்று அம்மா சொன்னார். பதிலுக்குப் பூனை வந்தது. மறுநாள் காலையில் அந்தத் தகரம் என் வீட்டுக் கோவாப் பாத்தியில், முட்டைக்கோஸ்களின் மேல் கிடந்தது.

தகரத்தைத் திருப்பிக் கொடுக்க நான் போனபோது அம்மா வாசலில் நின்றார். கோபமே இல்லாத குரலில் ஐயாவிடம் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது.

"நுவரெலியாவுல மிருகமெல்லாம் பாடம் பண்ணி வச்சிருக்காங்களாம். என்னையக் கூட்டிட்டுப் போங்க. அன்னிக்கு நான் பாத்தத அங்க காட்டுறேன். அது சிறுத்தையா இருந்தா நீங்க பெரட்டு வச்சு சொல்லணும். பூனையா இருந்தா இனிமே நான் இந்த வீட்ல வாயத் தொறக்கமாட்டேன். தம்பி, நீங்கதான் சாட்சி."

சொன்னால் செய்கிற மனுஷி. "சரி, பாத்துருவோம்," என்றார் ஐயா. நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர்கள் சேர்ந்து போன முதல் உல்லாசப் பயணம் இப்படித்தான் ஏற்பாடானது.

போனது ஒரு சனிக்கிழமை. அம்மா கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். ஐயா கோட்டுப் போட்டிருந்தார். அந்த இயற்கை நூதனசாலை, அதாவது அருங்காட்சியகம், முன்பு ஒரு துரையின் பங்களாவாக இருந்த கட்டடம். வந்தது வினை. வாசலைக் கண்டதும் ஐயா குடையைச் சுருக்கினார், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார், விறுவிறுவென்று கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். துரை பங்களாவின் முன்வாசலில் அவர் ஆயுளில் கால் வைத்ததில்லை. தேடிப் போனால், சமையல்காரர்கள் புழங்கும் குசினிக் கதவுக்கு எதிரே தலையைக் குனிந்து நின்றுகொண்டிருக்கிறார்.

டிக்கெட் கொடுக்கும் சிங்களவர் ஓடி வந்தார். "மாத்தயா, முன்னால வாங்க."

"தொரை இருக்காங்களா?"

"தொரை இல்ல மாத்தயா. இங்க மிருகம் மட்டும்தான்."

"தொரை இல்லாத நேரத்துல எப்படிங்க உள்ள போறது?"

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். கடைசியில் அவரே குசினிக் கதவைத் திறந்து, "தொரை உங்கள வரச் சொன்னாங்க," என்றார். ஐயா உள்ளே போனார். முன்வாசல் வழியாக நுழைந்த அம்மா அதற்குள் கூடத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அதைக் கண்ட ஐயாவுக்கு வேர்த்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாகிவிட்டார்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் அட்டை மிதந்தது. கீழே அதற்கு வாயில் நுழையாத ஒரு லத்தீன் பெயர். கொழுந்து மலையில் ஆட்களின் காலைப் பிடித்து இரத்தம் குடிக்கிற அதே அட்டைதான். "இதுக்கா டிக்கெட்டு? மழைக்காலத்துல நம்ம வீட்டுப் படியில வந்து நின்னா இலவசமாப் பாக்கலாம்," என்று அம்மா சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து ஐயாவும் சிரித்தார். ஊசி குத்தி வைத்திருந்த வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டு அம்மா பாவப்பட்டதும், "வேல நேரத்துல ஓடுற ஆளுகளா இருக்கும்," என்று ஐயா ஆறுதல் சொன்னார்.

பறவை அறையில் அவருக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. பெயர்ப் பலகையைப் பார்த்து ஒவ்வொரு குருவியாகக் கூப்பிட்டார். ஒரு பலகை இருந்தது, அதன் குருவி இல்லை. காவலாளியை விரலால் அழைத்தார்.

"இது எங்க?"

"திருத்தக் கொண்டு போயிருக்கு மாத்தயா."

"லீவு சொல்லிட்டுப் போச்சா?"

காவலாளி விறைத்து நின்று, "ஆமா மாத்தயா, சொல்லிட்டுத்தான்," என்றான். ஐயா திருப்தியோடு நகர்ந்தார்.

கடைசி அறையில்தான் அது இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் பெரிய சிறுத்தை, மரக்கிளையில் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி. அம்மா கிட்டே போனார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், குனிந்து முகத்தைப் பார்த்தார். ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன புள்ள?"

"இது இல்லீங்க," என்றார் அம்மா மெதுவாக. "இதுக்கு நெத்தியில நாமம் இல்ல. வாலும் ரொம்ப நீளமா இருக்கு."

பிறகு பக்கத்துக் கூண்டின் முன்னால் போனார். அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே நடுத்தர நாய் அளவில், சாம்பல் நிறத்தில், புள்ளி போட்ட ஒரு பிராணி. கட்டை வால். நெற்றியில் நேர் நேராகக் கறுப்புக் கோடுகள். பலகையை நான் உரக்கப் படித்தேன். மீன்பிடிப் பூனை. மலைநாட்டு ஓடைகளின் அருகே வாழும். மீனை விரும்பி உண்ணும். கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வந்து, கடைசி வரியை மட்டும் சத்தமில்லாமல் படித்தேன்.

"இதுதாங்க. சத்தியமா இதே மூஞ்சிதான்," என்றார் அம்மா. முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "நீங்க சொன்னதுதான் சரி. பூனைதான்."

அதோடு வாயை மூடிக்கொண்டார்.

ஐயா துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். நாற்பது வருட வழக்கு, முழு வெற்றி, எதிராளியே ஒப்புக்கொண்டாயிற்று. அவர் அம்மாவைப் பார்த்தார்.

"பசிக்குதா புள்ள?"

இல்லையென்று அம்மா தலையாட்டினார்.

"கால் வலிக்குதா?"

மறுபடியும் அதே தலையாட்டல்.

"ஐஸ்கிறீம் வாங்கவா?"

அதற்கும் ஒரு தலையாட்டல். ஐயாவின் முகம் போன போக்கைப் பார்த்தால் கடும்பகையாளிக்கும் மனம் கேட்காது. என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"சேர், பாடம் பண்றப்ப தோலு சுருங்கும் தானே?"

"கொஞ்சம் சுருங்கும் ஐயா. சிறுத்தை பூனையாகுற அளவுக்குச் சுருங்காது."

"வாலு?"

"வாலும் அப்படித்தான்."

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வாலுதான் மொதல்ல சுருங்கும்," என்றார்.

அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்திலிருந்து சுற்றுலா வந்த ஒரு கூட்டம் அறைக்குள் நுழைந்தது. பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஐயா அவர்களை ஒருமுறை பார்த்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். குடையைத் தரையில் ஊன்றினார்.

"பெரட்டூ..."

அந்தக் குரலை நீங்கள் கேட்டதில்லை. மூன்று மலைக்கு அப்பால் நிற்கிற ஆளைத் திரும்பிப் பார்க்க வைத்த குரல் அது. வந்தவர்கள் ஏனென்று தெரியாமலேயே சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். காவலாளியும் வந்து கடைசியில் நின்றான். நானும் நின்றேன், பிந்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் மட்டும், "ஐயா, நாங்கள் வேலைக்கு வரேல்லை, பாக்க வந்தனாங்கள்," என்றார்.

"பேசாம நில்லுங்க. பெரட்டு நடக்குது," என்றார் ஐயா. பெரியவர் நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி எங்க தோட்டத்துல பன்னண்டாம் நம்பர் மலையில நின்னது பூனை இல்ல. சிறுத்தை. என் சம்சாரம் கண்ணால பாத்தா. நான் சொன்னதுதான் தப்பு. பெரட்டு முடிஞ்சுது. எல்லாரும் போகலாம்."

யாரும் அசையவில்லை. ஒரு அம்மையார் பக்கத்திலிருந்தவரிடம், "உண்மையா இருக்கும், மனுசன் அழுறார்," என்றார்.

"என்னங்க," என்று கண்டாக்கம்மா வாய் திறந்தார். "நான்தான் பூனைன்னு ஒத்துக்கிட்டேனே."

"அது உன் பேச்சு. இது பெரட்டு. பெரட்டுல சொன்னா சொன்னதுதான், இனி மாத்த ஏலாது."

"அதுக்காக இத்தன பேருக்கு முன்னாடி பொய் சொல்லுவீங்களா?"

"சொல்லிட்டேனே, என்ன செய்ய? வா, ஐஸ்கிறீம் வாங்குவோம்."

அம்மா திட்டத் தொடங்கினார். குசினிக் கதவு வழியாக வெளியேறும்போது திட்டினார், ஐஸ்கிறீம் உருகும் வரை திட்டினார், பஸ்ஸில் ஏறிய பிறகும் திட்டினார். தகரத்துக்கு ஆணி அடிப்பதிலிருந்து மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது வரை நாற்பது வருடப் பாக்கியும் வெளியே வந்தது. ஐயா ஒவ்வொன்றுக்கும், "சரி புள்ள, நீ சொன்னா சரி," என்றார். தலவாக்கலை தாண்டும்போது அம்மா களைத்துப்போய் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

எனக்கு மனம் ஆறவில்லை. முன் சீட்டிலிருந்து திரும்பிக் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"ஐயா, ஜெயிச்ச வழக்க எதுக்கு விட்டுக் குடுத்தீங்க?"

தோளை அசைக்காமல் பேசினார்.

"கல்யாணமாகி அன்னிக்குப் பத்தாவது நாளு சேர். அதுவரைக்கும் அவ எங்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல, வெக்கம். அன்னிக்குக் கேரியரப் போட்டுட்டு இவ்வளவு தூரம் ஓடியாந்து என் கையப் புடிச்சா. 'புலிங்க' அப்படின்னா. அதான் எங்கிட்ட அவ பேசின மொத வார்த்த. அதக் கொண்டுபோயி நான் பெரட்டுல வச்சு சிரிக்க வச்சுட்டேன்."



கொட்டகலை வந்தது. நாங்கள் இறங்கவேண்டிய இடம். பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஐயா தோளில் கிடந்த தலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழுப்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஹட்டனை நோக்கிப் புறப்பட்டது. அந்த மனுஷருக்காக, அங்கிருந்து கொட்டகலைக்கு நடந்தே திரும்ப வேண்டுமென்றாலும் நான் சந்தோஷமாக நடந்திருப்பேன்.