மாமரத்தடியில் ஒரு புல்தரை

வெயில் நன்றாக விழும் முன்வாசல் முழுக்கச் சிமெண்ட் பூசிக் காரை நிறுத்திவிட்டு, சூரியன் எட்டிக்கூடப் பார்க்காத கொல்லை மரத்தடியில்தான் புல் வளர்ப்பேன் என்று மண்வெட்டியோடு நிற்கிற ஓர் இனம் உலகத்தில் இருக்கிறது. நிழல்புல்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். முழங்காலை மடித்து, மூக்கு மண்ணில் இடிக்கிற மாதிரி குனிந்து, எதையோ தேடிக்கொண்டிருப்பார். மோதிரம் தொலைந்துவிட்டதோ என்று பதறாதீர்கள். நேற்று மூன்று இழை இருந்ததே, இன்று நான்காகிவிட்டதா என்று எண்ணுகிறார்.

நம்முடைய நிழல்புல்காரர் தேர்வுத் துறையில் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் 'பரீட்சை சார்' என்று பெயர். ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறியவன் எதிரே நின்று கண்ணைக் கசக்கினாலும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "அடுத்த தடவை பார்ப்போம்" என்று அனுப்பிவைத்த மனிதர்.

அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம். மரத்தடியில் ஒரு பிரம்பு நாற்காலி. நாற்காலியில் அவர் மனைவி. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக நின்று நின்றே கால் நரம்பெல்லாம் சுருண்டுபோன அம்மாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, காலைத் தூக்கி முக்காலியில் வைத்து, பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கண்ணயர்வார். இத்தனை வருடத்தில் அவர் தனக்கென்று வைத்துக்கொண்டது அந்த ஒரு மணி நேரம்தான்.

இப்படி ஓர் இடத்தைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடலாம் என்று தோன்றும். பரீட்சை சாருக்கு, கீழே வெறும் மண்ணாக இருக்கிறதே என்று தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் புல்தரை போட்டிருந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று கேட்காதவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

செடிக்கடைக்காரர் நேர்மையான ஆள். விற்பதற்கு முன்பே கேட்டார்.

"அங்க வெயில் எவ்வளவு நேரம் சார் விழுது?"

"காலைல கொஞ்சம் விழும்."

"கொஞ்சம்னா?"

"இருபது நிமிஷம். ஆனா நல்ல வெயில்."

"வேண்டாம் சார். மரத்தடியில புல்லு வராது. நாற்காலி போட்டு ஜம்முனு உட்காருங்க."

நிழல்புல்காரரிடம் வராது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. வண்டி நிறையப் புல் வந்து இறங்கியது. அதை விரித்து, மிதித்து, தண்ணீர் விட்டு, நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டி, 'புல்லின் மேல் நடக்காதீர்' என்று ஒரு பலகையும் எழுதி வைத்தார். ஒரு மாதத்தில் புல் போய்விட்டது. பலகை இருந்தது. வந்த விருந்தாளிகள் பலகையைப் படித்துவிட்டு, "எந்தப் புல்லு?" என்று கேட்டார்கள்.

"இந்த வாட்டி தேறல. அடுத்த வாட்டி தேறிடும்" என்றார் சார்.

கவனித்தீர்களா? மனிதப் பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் கூடப் போட மனம் வராதவர், ஒரு புல்லுக்கு ஐந்து முறை மறுதேர்வு வைத்தார். நிழலைத் தாங்கும் ரகம், நிழலை விரும்பும் ரகம், நிழல் இல்லாவிட்டால் ஏங்கிப்போகும் ரகம் என்று என்னென்னவோ வந்தன. கடைசியில் பாசி பிடித்தது. அதைத் தூர நின்று படமெடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். கிட்டப் போய்ப் பார்க்கிறேன் என்றவர்களிடம், "தள்ளி நின்னு பாருங்க, பச்சை தெரியும்" என்றார். நாற்காலியின் கால்கள் மண்ணில் குழி போடுகின்றன என்று அதையும் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நகர்த்தினார். அம்மாள் அங்கேயே போய்ப் பேப்பரை விரித்தார். நர்ஸாக இருந்தவர், இதைவிடப் பிடிவாதக்காரர்களையெல்லாம் பார்த்தவர்.

ஆனால் ஒருநாள் மரம் வெட்டுகிறவர் அரிவாளோடு வந்து நின்றபோது, அம்மாளுக்கும் பொறுக்கவில்லை.

"மரம் உங்கள என்னங்க பண்ணுச்சு?"

"மரத்த யாரு தொட்டா? ஒரே ஒரு கிளை. வெளிச்சத்துக்கு."

அந்த ஒரே ஒரு கிளை மூன்று முறை வெட்டப்பட்டது. ஒரு பக்கமாகவே கழித்ததில் பாரமெல்லாம் மறுபக்கம் போய், மரம் வீட்டைப் பார்த்துச் சாய ஆரம்பித்தது. "இனிமே வெச்சிருந்தா ஆபத்து சார்" என்றார் வெட்டுகிறவர். அன்று மாலைக்குள் மரம் இல்லை. அம்மாள் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

புல் வந்தது! நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அப்படி ஒரு புல். பக்கத்து வீட்டுக்காரரே மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "பரவாயில்லையே" என்றார். சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் மத்தியானம், கயிற்றை அவிழ்த்து, பலகையைப் பிடுங்கி எறிந்து, நாற்காலியைத் தானே தூக்கி வந்து நடுவில் போட்டார்.

"வா, வந்து உட்காரு. உனக்காகத்தான் இவ்வளவும்."

அம்மாள் வந்தார். தகிக்கிற வெயிலில் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு நாற்காலியைப் பார்த்தார். முன்பு மாமரக் கிளைகள் விரிந்திருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எங்க உட்காரச் சொல்றீங்க?"

செய்துவிட்ட காரியம் சாருக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம், நல்ல மனிதர். ஆனால் நிழல்புல்காரர்களுக்கு வருத்தம் வந்தால் கூடவே ஒரு யோசனையும் வந்துவிடும். அன்று சாயங்காலமே போய், நான்கு பேர் உட்காரலாம் போல ஒரு பெரிய தோட்டக் குடை வாங்கி வந்து நட்டார். அம்மாள் மறுபடியும் காலைத் தூக்கி வைத்துக் கண்ணயர்ந்தார். ஒரு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகு குடைக்கு அடியில் புல் பழுக்க ஆரம்பித்தது. தட்டு கவிழ்த்த மாதிரி வட்டமாக, மஞ்சளாக.

மூன்று நாள் அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார் சார். நான்காம் நாள் குடையை மடக்கினார்.

அம்மாள் பிரம்பு நாற்காலியை ஒரு கையிலும் முக்காலியை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு, வீட்டைத் தாண்டி, கேட்டைத் திறந்து, தெருவோரம் நிற்கிற பொதுமரத்தின் அடியில் போட்டு உட்கார்ந்தார். போகிற வருகிற வண்டிகளுக்கு நடுவே பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டார். சார் கேட்டைப் பிடித்தபடி பார்த்தார். உள்ளே கூப்பிட வாயெடுத்தார். அதற்குள், அந்த மரத்தடியும் வெறும் மண்ணாகக் கிடப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இப்போது எங்கே உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள்? நிழலில்தானே? யார் கொடுக்கிற நிழல் அது என்று ஒரு தரம் நிமிர்ந்து பாருங்கள். பார்த்ததும், "இதில் கொஞ்சத்தைக் கழித்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்குமே" என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டால், உங்கள் வீட்டு நாற்காலி இப்போது எங்கே கிடக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.