வலது கையில் குடியிருப்பவர்கள்

"இன்னைக்கும் உங்க பொண்ணு வலது கையைக் கழுவல," என்றார் குழந்தைகள் காப்பகத்து நிர்வாகி, போனில். "இடது கைக்கு மட்டும் சோப்புப் போடுறா. ஸ்பூனையும் அந்தக் கையாலதான் பிடிக்கிறா. வலது கை முதுகுக்குப் பின்னாடி!"

பரிசோதனைக்கூடத்தில் மைக்ராஸ்கோப் முன்னால் இருந்தவளுக்குக் காது சூடாகியது. ஊரார் உடம்பிலுள்ள கிருமியைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு.

"வீட்ல ஒழுங்கா கழுவுறாளே மேடம்!"

"எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்றாங்க."

வினையை விதைத்தவள் அவளேதான். கை கழுவுவது மனதில் பதியட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மகளை இங்கே கூட்டிவந்து, அவள் நகத்து அழுக்கையே கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றிக் காட்டியிருந்தாள். மகள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவங்கள்லாம் எங்கேர்ந்து வந்தாங்க?"

"தொட்ட இடத்துலேர்ந்தெல்லாம். ஒருத்தர் கையைப் பிடிச்சா, அவங்க கையில இருக்கறது நம்ம கைக்கு வந்துடும்."

பயப்படட்டும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மகளோ உள்ளங்கையை விரித்து, புதிதாகக் குடிவந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

போன் வந்த அன்று மாலை வீட்டில் இன்னொரு அஸ்திரத்தை எடுத்தாள். "கழுவலைன்னா அதுங்க பெருகும், பாப்பா. ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும்."

"சாயங்காலம் வரைக்கும் கழுவலைன்னா?"

"கோடிக்கணக்குல ஆயிடும்!"

மகளின் முகம் மலர்ந்தது. என்ன பிள்ளை இது, கிருமிக்கு வக்கீலாகப் பிறந்திருக்கிறது என்று அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

மறுநாள் மகள் வலது கையில் பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகப் போன் வந்தது. சரி, பைக்குப் பதில் கையுறையாவது இருக்கட்டும் என்று இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை வாங்கிக் கொடுத்தாள்.

"உள்ள இருக்கறது வெளிய போகாதில்ல?"

"போகாது."

"அம்மான்னா அம்மாதான்!" மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையும் வழக்கம்போல அவசரம். மகளின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, இழுக்காத குறையாக நடந்தாள். மனம் முழுக்கப் பஸ்ஸில் இருந்தது. காப்பக வாசலில் கையை விட்டாள். மகள் உடனே கையுறையை மாட்டிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் மூன்று பிள்ளைகள் கை கழுவ மறுத்து, கையுறை கேட்டு அழுதார்கள்.

"இன்னைக்கே ஒரு முடிவு தெரியணும். இல்லைன்னா வேற இடம் பாத்துக்குங்க," என்றார் நிர்வாகி போனில்.

வேறு இடம் கிடையாது. லீவும் கிடையாது. பரிசோதனைக்கூடத்தில் அவள் தன் கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டு, பரிசோதனைக்கு வந்த அடுத்த மாதிரியை எடுப்பதற்கு முன் மறுபடி கழுவினாள். நாளெல்லாம் யார் யாரையோ கையிலிருந்து அலம்பிவிடுவதிலேயே போகிறது. வீட்டுக்குப் போனாலும் முழங்கை வரை தேய்க்காமல் மகளைத் தொடுவதில்லை. அதுவரை பிள்ளை வாஷ்பேசின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். அது எதற்காக அங்கே நிற்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை என்பது ஏனோ இப்போது உறுத்தியது.

மாலையில் காப்பகத்தில் மகள் முன் மண்டியிட்டாள். நிர்வாகி கைகட்டி நின்றார்.

"கண்ணு, அம்மா திட்டமாட்டேன். வீட்ல கழுவுற, இங்க மட்டும் ஏன்டி மாட்டேங்கற? அப்படி யாரைத்தான் அதுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்க?"

மகள் கையுறை மாட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பக்கத்தில் நின்ற, முன்பல் விழுந்த தோழிக்குத்தான் பொறுக்கவில்லை.

"காலையில நீங்க பிடிச்ச கை ஆன்ட்டி அது, கழுவினா நீங்க போயிடுவீங்களாம், வீட்லன்னா பரவாயில்லையாம், அங்க நீங்களே இருக்கீங்களாம்!"