ஞானத்தந்தையின் ராஜினாமா

ஃப்ரைபுர்க் ரயில் நிலையம்,
சனிக்கிழமை மதியம்.

அன்பு மகள் யூடித்துக்கு அப்பா கிலியான் எழுதுவது. இங்கே என் முழங்கால் தவிர மற்றவை நலம். அங்கே இத்தாலியில், பெர்கமோவில் நீயும் மாப்பிள்ளை ஃபாவுஸ்தோவும் குழந்தை நினாவும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் உங்களில் யாரும் இன்று ரயில் ஏறவில்லை. இதைக் கையால் எழுதி, கைபேசியில் படமெடுத்து அனுப்பப் போகிறேன். பேசியே சொல்லலாம்தான். பேசினால் நீ நடுவில் சிரிப்பாய். அதைத் தாங்கும் தெம்பு எனக்கு இன்று இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை காலை நினாவின் ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நிற்க என்னால் வர இயலாது. ஃபாவுஸ்தோவின் மாமா எர்மேதேயை என் இடத்தில் நிறுத்திவிடு. அவருக்குக் கோட்டு இருக்கிறது, கோயிலும் பக்கம். வேறென்ன தகுதி வேண்டும்.

உன் அம்மாவை உனக்குத் தெரியும். மலிவு டிக்கெட் வேட்டைக்கு ஜனவரியிலேயே இறங்கிவிட்டாள். விடிந்தும் விடியாமலும் கணினி முன் உட்கார்ந்து, தக்காளி விலை மாதிரி ஏறி இறங்கும் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒருநாள் லபக்கென்று ஒன்றைப் பிடித்தாள். குறிப்பிட்ட ரயில், குறிப்பிட்ட பெட்டி, குறிப்பிட்ட இருக்கை; அதைத் தவறவிட்டால் அந்த டிக்கெட் மூக்குக் கண்ணாடி துடைக்கத்தான் ஆகும். என்னை இப்படிப் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எத்தனையோ நாடுகளில் எந்த ரயிலிலும் ஏறலாம் என்கிற பாஸை மூத்தோர் சலுகையில் வாங்கினேன். எனக்கு வேண்டியது சுதந்திரம் என்றும் சொன்னேன். "சுதந்திரத்துல உக்கார இடம் உண்டா?" என்று கேட்டாள்.

தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்த காலமெல்லாம், சோதித்துப் பார்க்காமல் ஒரு குழாயையும் நான் திறந்துவிட்டதில்லை. பாஸை மட்டும் எப்படி விடுவது? வியாழக்கிழமை பெட்டியை நிஜமாகவே நிரப்பிக்கொண்டு, நம் வூர்ட்ஸ்புர்க்கிலிருந்து பக்கத்து அஷாஃபென்புர்க் வரை போனேன். அங்கே நடைமேடை மாறிப் பார்த்தேன், பெட்டியோடு படி ஏறி இறங்கிப் பார்த்தேன், ஒரு சாசேஜ் சாப்பிட்டேன், அடுத்த ரயிலில் திரும்பி வந்தேன். போகும்போதும் வரும்போதும் பரிசோதகர் பாஸைப் பார்த்துத் தலையாட்டினார். வேலை செய்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "ஒத்திகைக்கு ஒரு ஒத்திகை பாத்தியா?" என்றாள். இந்தக் கிண்டல்தான் அவளிடம்.

இன்று இருவரும் ஒரே ரயில். அவள் ஜன்னலோர இருக்கையில். நான் இரண்டு பெட்டி தள்ளி, கதவருகே, யாருடைய சைக்கிளுக்கோ காவலாக. ஓஃபென்புர்க் தாண்டியதும் பரிசோதகர் வந்தார். சின்னப் பெண், மரியாதையான பெண்.

"ஐயா, பாஸ் கணக்குப்படி நீங்க வியாழக்கிழமையே ஜெர்மனிய விட்டு வெளிய போயிட்டீங்களே."

"நான் இங்கதானேம்மா நிக்கிறேன்."

"போயிட்டு அன்னிக்கே திரும்பியும் வந்துட்டீங்க. இந்தப் பாஸ்ல சொந்த நாட்டுக்குள்ள வெளிய போறதுக்கு ஒரு தடவ, திரும்பி வர்றதுக்கு ஒரு தடவ, அவ்வளவுதான். ரெண்டும் முடிஞ்சிருச்சு. இனிமே எல்லையத் தாண்டினாத்தான் இந்தப் பாஸுக்கு உயிரு."

"அது ஒத்திகைம்மா."

"பாஸுக்கு ஒத்திகையெல்லாம் தெரியாதுங்க."

அபராதம் போடவில்லை. ஃப்ரைபுர்க்கில் இறங்கி டிக்கெட் எடுக்கச் சொன்னாள். பெட்டியை இழுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "நான் இறங்கினா என் டிக்கெட் செத்துப்போகும். நீ போய் உன் சுதந்திரத்தோட இரு" என்றாள். இத்தனை வருட இல்லறத்தின் மொத்தப் பலன் இது.

இறங்கினேன். வரிசையில் நின்றேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பாசலில் பிடிக்க வேண்டிய மிலான் வண்டியை இனி எட்ட முடியாது, அதில் நான் பதிந்து வைத்திருந்த இடமும் உதவாது; பாஸ் வைத்திருப்பவர்களுக்கு நாளை மாலை வரை வேறு இடம் இல்லை என்றார் கவுன்ட்டர்காரர். வீட்டுக்குத் திரும்பலாமென்றால் அதற்கும் பாஸ் செல்லாது. ஆக, ஊர் உலகமெல்லாம் செல்லும் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு, பிறந்த நாட்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். களைத்துவிட்டேன், யூடித். நினாவை நான் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. அந்த ரயில் கிளம்பியபோது உன் அம்மாவின் ஜன்னலைத் தேடினேன், கண் கலங்கியிருந்ததால் எந்தப் பெட்டி என்றே தெரியவில்லை. பெர்கமோ வந்து சேர்ந்ததும் அவளுக்குச் சூடாக ஏதாவது கொடு. என்னைப் பற்றி அவள் சொல்வதில் பாதியை நம்பு.

குழந்தையின் தலையில் விழும் தண்ணீர் அவளுக்கு எல்லா நன்மையும் கொண்டுவரட்டும். தண்ணீர் அதிகம் குளிராமல் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் என் வணக்கம். எர்மேதேக்கு என் வாழ்த்தைச் சொல்.

இப்படிக்கு,
நடுவழியில் நிற்கும் உன் அப்பா,
கிலியான்

பி.கு.: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் எதிரே உன் அம்மா நிற்கிறாள். அவளும் இங்கேயே இறங்கிவிட்டாளாம். நான் எழுதிக்கொண்டிருந்த நேரமெல்லாம் டிக்கெட் வரிசையில் நின்றிருக்கிறாள். பாசல் வரைக்கும் இரண்டு பேருக்கு, அங்கிருந்து தனக்கு, எல்லாம் முழு விலையில் எடுத்துவிட்டாள். முன்பதிவு கேட்காத சின்ன வண்டிகளில் மாறி மாறிப் போனால் ராத்திரிக்குள் வந்துவிடலாமாம். அதில் பாஸும் செல்லுமாம். மலிவு தேடித் தேடி அந்த வண்டிகளெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "உன் டிக்கெட் செத்துப்போச்சே" என்றேன். "போகட்டும். உன்னை விட்டுட்டுத் தனியா போயி நான் எந்தப் பேத்தியப் பாக்க?" என்றாள். பிறகு இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "எர்மேதேயா? அந்த ஆளு குழந்தையப் பிடிப்பானா, சிகரெட்டப் பிடிப்பானா? அடிச்சுட்டு வேற எழுது" என்றாள். வண்டி வந்துவிட்டது, வேறு எழுத நேரமில்லை. மேலே உள்ளது எதையும் படிக்காதே. நாங்கள் வருகிறோம். ஞானத்தந்தை நான்தான்.