மூன்றாம் மாடி மகாராஜா

குடியரசு நாட்டில் பிறந்து, கடல் தாண்டி வந்து, எங்கள் குடியரசைக் கவிழ்த்த ஒரே மனிதர் தோசை மாஸ்டர்தான். படை கிடையாது, துப்பாக்கி கிடையாது. கையில் ஒரு தோசைத் திருப்பி மட்டும் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் சத்தம் கேட்கும் மூன்றாம் மாடி வீட்டில், மாஸ்டரோடு சேர்த்து ஏழு கட்டைப் பிரம்மச்சாரிகள் குடியிருந்தோம். குளியலறை ஒன்றே ஒன்று. அதனால் எல்லாவற்றுக்கும் ஓட்டு. யார் முதலில் குளிப்பது, காற்றாடி எந்த வேகத்தில் ஓடுவது, ஞாயிறு கோழியா மீனா, எல்லாம் கை தூக்கித்தான் முடிவாகும். சட்டம் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியவன் நான். 'பெரும்பான்மை முடிவே இறுதி முடிவு' என்பதற்கு அடியில் சிவப்பு மையால் கோடு வேறு போட்டிருந்தேன். ஜனாதிபதியும் நானே. வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படவில்லை என்பது உண்மைதான்.

மாஸ்டர் கும்பகோணத்துப் பக்கமிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வேலை. பெயரை ஒரு தடவை சொன்னார். யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. குடிவந்த மூன்றாம் வாரமே கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"நமக்கு ஒரு ராஜா வேணும்ணே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாஸ்டர், நீங்க இந்தியாக்காரரு லா. ரிபப்ளிக்ல பொறந்துட்டு ராஜா கேக்குறீங்க?"

"அதனாலதாண்ணே கேக்குறேன். உங்களுக்கு ராஜா உண்டு, பழகிப்போச்சு. எனக்குத்தான் ஆசை. இந்த ஊரு சுல்தானுங்க முறை வச்சு ராஜா ஆகுற மாதிரியே நாமளும் மாத்திக்கலாம். ஆளுக்கு ஒரு மாசம்."

குடியரசுக்குள் ராஜா வரலாமா என்று முக்கால் மணி நேரம் தொண்டை வறளப் பேசினேன். ஓட்டெடுப்பில் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் ராஜா ஜெயித்துவிட்டார். ஓட்டுப் போட்டே முடியாட்சியைக் கொண்டுவந்த அந்த அநியாயத்தை என் கையாலேயே நோட்டில் எழுதினேன்.

முதல் ராஜா, போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டும் சீலன். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "யாராச்சும் போயி எனக்கு தே தாரிக் டீ ஒண்ணு பொங்குஸ் பண்ணி, பார்சலா வாங்கிட்டு வாங்க" என்று ஆணையிட்டான். மாஸ்டர் பதறிவிட்டார்.

"ராஜா உத்தரவு போடக் கூடாதுண்ணே. அதெல்லாம் ஜனாதிபதி பாத்துப்பாரு."

"அப்ப ராஜாவுக்கு என்னா வேல?"

"தட்டு கழுவுறது. சும்மா இருக்கற ஆளு வேற யாரு இருக்கா?"

ஒரு மாதம் முழுக்கச் சீலன் ஏழு பேர் தட்டையும் கழுவினான். எனக்கு ஒரே குஷி.

மாஸ்டரின் முறை வந்த மாதம்தான் என் தலையில் இடி விழுந்தது. நான் வேலை பார்த்த பத்திரிகை ஆபீசில் ஆள் குறைத்தார்கள். அதில் நானும் போனேன். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பகலெல்லாம் வீட்டில் அடைந்து கிடந்து புதுப்புதுச் சட்டமாக எழுதித் தள்ளினேன். குளிக்க ஆறு நிமிடம். ஈரத்துண்டைக் கதவில் போடத் தடை. குறட்டையைப் பற்றி ஒரு நோட்டீஸ் எழுதிச் சீலன் தலையணை மேலேயே வைத்தேன்.

அடுத்த கூட்டத்தில் சீலன் எழுந்தான். "ஜனாதிபதி இந்த வீட்ட விட்டுப் போவணும். ஓட்டு எடுங்க."

ராஜாவுக்கு ஓட்டு கிடையாது. மீதி ஆறு பேரில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். ஆறாவது ஆள் நான். எண்ணுவது என் பொறுப்பு என்பதால் மூன்று தடவை எண்ணினேன். ஐந்து ஐந்தாகவே இருந்தது. மாதக் கடைசிக்குள் கிளம்ப வேண்டும். எங்கே போவது?

சமையலறையிலிருந்து சோப்பு நுரைக் கையோடு ராஜா வந்தார்.

"நான் மன்னிச்சுட்டேன்."

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "அந்த அதிகாரம் ஜனாதிபதிக்குத்தான், மாஸ்டர். ஒங்க நாட்டுலயே அப்படித்தான்!" என்றேன்.

"சரிண்ணே. இங்க ஜனாதிபதி நீங்கதானே? உங்களை நீங்களே மன்னிச்சுக்க முடியுமா? அதுக்கு இன்னொரு ஆளு வேணும்ல?"

சீலன்தான் முதலில் இறங்கி வந்தான்: "சரி லா, ராஜா சொல்லிட்டாரு. ஆனா அந்த நோட்டீஸ் எல்லாத்தயும் கிழிக்கணும்."

கிழித்தேன். பிறகு சமையலறைக்குப் போய், "எனக்கு வேல போனது தெரிஞ்சுதானே காப்பாத்துனீங்க?" என்று கேட்டேன்.

மாஸ்டர் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது. "வேலை போச்சா? எப்பண்ணே?"

மனிதருக்கு எதுவுமே தெரியாது!

"அப்பறம் எதுக்கு மன்னிச்சீங்க?"

"என்னண்ணே கேள்வி இது? நீங்க நம்ம வீட்டு ஆளு" என்றார். "சாப்டீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க."

பெர்மிட் முடிந்து மாஸ்டர் தன் குடியரசுக்கே திரும்பிவிட்டார். குடியரசுக்கு ராஜா தேவையா என்று யாராவது ஆரம்பித்தால் நான் இப்போதெல்லாம் வாதம் செய்வதில்லை. ஐந்து பேர் போ என்று கை தூக்கிய வீட்டில், என் கஷ்டம் எதுவும் தெரியாமலே என்னை இருக்கச் சொன்ன அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.