புளி போட்டு விளக்கிய துப்பாக்கி

உதவி செய்யத் துடிக்கும் ஓய்வுபெற்ற மனிதரைப் போல ஆபத்தான பிராணி ஒரு வீட்டில் வேறு இருக்க முடியாது. நாயையாவது கட்டிப் போடலாம்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதை வருடாவருடம் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். இந்தத் தகவலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். (பின்னால் நீங்கள் தலையில் அடித்துக்கொள்ள உதவும்.)

மனைவி போன பிறகு மகன் என்னை ஆக்லாந்துக்கு அழைத்துக்கொண்டான். பிளாட் புஷ் என்ற புறநகரில் புது வீடு. காலையில் மகனும் மருமகளும் ஆளுக்கொரு காரில் கிளம்பிவிடுவார்கள். பேத்தி பள்ளிக்கூடம் போய்விடுவாள். அதன் பிறகு தெருவில் நடமாடுவது கூரியர் வேன் ஒன்றுதான். வேன் நின்றால் ஜன்னலுக்கு ஓடுவேன். பார்சல் எப்போதும் எதிர்வீட்டுக்காகத்தான் இருக்கும். ஃப்ரிட்ஜின் உறுமல் எப்போது நிற்கும், எப்போது மறுபடி தொடங்கும் என்று முன்கூட்டியே சொல்லும் அளவுக்கு அதனுடன் எனக்குச் சிநேகம் வளர்ந்திருந்தது.

பக்கத்து வீட்டு கிரஹாமும் மனைவியை இழந்தவர். ஒரு நாள் அவருடைய கராஜ் கதவு திறந்திருந்தது. மேசை மேல் ஒரு துப்பாக்கி உதிரி உதிரியாகக் கிடந்தது. பழைய காலத்து வகை. வாய் வழியாக வெடிமருந்தும், துணியில் சுற்றிய குண்டும் போட்டு, நீளக் கோலால் குத்திக் கெட்டிக்க வேண்டும். பாகங்களைப் பெட்டியில் வைத்து விற்பார்களாம். கட்டையை இழைத்து, உலோகத்தை ராவி, வாங்கியவரே பொருத்திக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் எல்லாம் வைத்திருப்பவர்தான். நான் வாசலில் நின்று பார்ப்பதைப் பார்த்து, "உப்புத்தாள் பிடிச்சுத் தேய்க்கத் தெரியுமா, மேட்?" என்றார்.

தெரியும் என்றேன். (தெரியாது.)

அன்று முதல் எனக்குக் காலை என்று ஒன்று இருந்தது. அவர் ராவுவார், நான் கட்டையைத் தேய்ப்பேன். பேச்சு குறைவு. அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும். என்னுடையது அவருக்கு முழுவதும் புரிந்ததுபோலத் தலையாட்டுவார். மகன் இரவில் "என்னப்பா பண்ணீங்க இன்னிக்கு?" என்று கேட்டால், சொல்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

கட்டைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் தன் அண்ணன் கென்னைப் பற்றிச் சொன்னார். தெற்குத் தீவில் இருக்கிறார். சிறு வயதில் பக்கத்துப் பண்ணை வீட்டுச் சுவரில் இப்படி ஒரு துப்பாக்கி தொங்குமாம். இருவரையும் தொடவே விட்டதில்லையாம். இப்போது கென்னுக்கு நுரையீரலில் வியாதி. அடுத்த வருடம் என்று எதையும் பேச முடியாத உடம்பு. "ஒரே ஒரு தடவை அவன் சுடணும். அவ்வளவுதான்," என்றார். துப்பாக்கிக் குழலுக்கு இன்னும் நிறம் ஏற்ற வேண்டியிருந்தது. அது முடிந்தால் துப்பாக்கி தயார்.

நிறம் என்றால் பெயிண்ட் என்று நினைத்துக்கொண்டேன்.

கென்னைக் காரில் வைத்து மெதுவாக அழைத்து வரக் கிளம்பியபோது, கிரஹாம் நாற்றுகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லி என்னிடம் சாவி கொடுத்தார். கராஜில் இருந்த குழாயடிக்குப் போனவன் அங்கிருந்த அலமாரியைத் திறந்தேன். (அலமாரிக்கும் நாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.) உள்ளே ஈரத்துணிக்கு மேலே குழல் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் செக்கச்செவேலென்று துரு.

ஐயோ பாவம், கிழவர் ஈரத்தில் வைத்து மறந்துவிட்டார் என்று பதறினேன். அந்தக் குழல் வேண்டுமென்றே துருப்பிடிக்க வைக்கப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. மருந்து பூசி, துரு ஏற்றி, மேலாகத் தேய்த்து, திரும்பவும் பூசி, அழகான பழுப்பு நிறம் வர வைப்பதுதான் அந்தக் கலை. கடைசிப் பூச்சில் இருந்தது. வேதியியல்காரனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது புளி.

மருமகளின் டப்பாவிலிருந்து ஒரு பெரிய உருண்டை எடுத்தேன். உப்பு சேர்த்து, குத்துவிளக்கு விளக்குவதுபோல விளக்கினேன். விபூதி போட்டும் ஒரு முறை. குழல் வெள்ளிபோல ஆனது. மனைவி போன பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்று மதியம்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளேயும் துரு இருக்குமே என்று குழல் வாயிலிருந்த மரத்தக்கையைப் பிடுங்கினேன். புளியைத் துணியில் சுற்றி, திரைச்சீலைக் கம்பியால் உள்ளே குத்தினேன். நன்றாகக் குத்தினேன். அடிவரை போயிற்று. திரும்பி வரவில்லை.

வந்துவிடும் என்று நினைத்துக் குழலைத் துண்டின் மேல் கிடத்தி, ஆயுத பூஜை நினைப்பில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன்.

அவர்கள் வந்தார்கள். கிரஹாம் குழலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் உளறி முடித்ததும் கென் குழலுக்குள் கோலை விட்டுப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சிரித்தார்.

"கிரஹாம், நமக்கு முன்னாடியே யாரோ கெட்டிச்சு வச்சுட்டாங்கடா."

நிறம் போனதுகூடப் பெரிய விஷயமில்லை. வெள்ளைக் குழலாலும் சுடலாம். புளியும் துணியும் உள்ளே கல்லாக இறுகியிருந்தன. என்னென்னவோ செய்து பார்த்தார்கள். துப்பாக்கி பழுது பார்ப்பவர் குழலின் அடியைக் கழற்ற வேண்டும் என்றார், இந்த வாரம் முடியாது என்றார். கென்னால் இங்கே தங்க முடிந்தது அந்த வாரம்தான்.

கிளம்பும் முன் கென் கராஜ் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, குழல் இல்லாத வெறும் கட்டையைத் தோளில் வைத்தார். எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் தொங்கிய என் வேட்டியைக் குறி பார்த்து, வாயாலேயே "டுமீல்" என்றார். மூவரும் சிரித்தோம்.

குளிர்காலம் முடியும் முன் கென் இறந்துவிட்டார்.

கராஜ் கதவு நீண்ட நாள் மூடியே கிடந்தது. நான் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பினேன். பிறகு ஒரு காலை, கிரஹாம் எங்கள் கதவைத் தட்டினார். "புளியை எடுத்தாச்சு. மறுபடி துரு ஏத்தணும். வர்றீங்களா?" என்றார். போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். உப்புத்தாளை என் கையில் கொடுத்தார். துப்பாக்கி இப்போது அழகான பழுப்பு நிறத்தில் அவருடைய சுவரில் இருக்கிறது. அவர் இதுவரை சுடவில்லை.

எங்கள் வீட்டில் இன்றும் புளி டப்பா எனக்கு எட்டாத தட்டில்தான் இருக்கிறது. யார் விருந்துக்கு வந்தாலும், ரசம் பரிமாறும்போது மகன் தொடங்கிவிடுவான். "பாத்துக் குடிங்க, அப்பா கெட்டிச்ச ரசம்." பேத்தி ஆங்கிலத்தில் குங்குமப் பொட்டைச் சேர்ப்பாள். கென் சொன்ன அந்த வரியோடு கதை முடியும். எல்லோரும் புரையேறச் சிரிப்பார்கள். நானும்தான்.

கென் எதற்காக வந்திருந்தார் என்பது மகனுக்குத் தெரியாது. அவன் கதையில் அவர் யாரோ ஒரு விருந்தாளி. பலமுறை சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். அவனுக்குத் தமிழ் படிக்க நேரம் கிடையாது.